முன்னால் போனவன் அணைத்த அடுப்பு

இரண்டு பேர் ஒரு வீட்டுக்குப் போனார்கள். வீடு காலியாக இருக்கும் நேரம் பார்த்து வா என்றுதான் இருவருக்கும் சொல்லியிருந்தார்கள். வாசல் ஒன்றே ஒன்று. முன்னால் போனவன் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். பின்னால் போனவன் வேகாமல் பச்சையாகவே கொல்லை வழியாக வெளியே வந்துவிட்டான். அவர்கள் யார், சொல் பார்க்கலாம்?

"வேகாமன்னா? அப்ப அவன் மனுஷன் இல்லையாம்மா?"

பெனிட்டா சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். என் மகள், ஐந்தாம் வகுப்பு. மனுஷன் இல்லை என்று தலையாட்டுகிறேன். ஆட்டிய பிறகுதான் தெரிகிறது, எனக்கும் விடை தெரியாது. நான் போட்ட விடுகதை, நேற்று வரை உலகத்தில் இல்லாத விடுகதை, கண் திறப்பதற்குச் சற்று முன்னால் போர்வைக்குள் தானாக வந்தது, அப்போது விடையும் கூடவே இருந்தது, அதில் சந்தேகமே இல்லை, விடை இருந்ததால்தான் கேள்வி வந்தது, அட இவ்வளவுதானா என்று படுக்கையிலேயே சிரித்தேன்கூட. பிறகு எழுந்தேன், பல் துலக்கினேன், தண்ணீர் மொண்டேன், மாத்திரை போட்டேன், நடுவில் எங்கேயோ விடை மட்டும் நழுவி விழுந்துவிட்டது. மாத்திரை போட்டேனா? டம்ளர் ஈரமாக இருக்கிறது. ஈர டம்ளரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வாய் கொப்பளித்ததாகவும் இருக்கலாம். நாக்கில் கசப்பு இருக்கிறதா என்று துழாவுகிறேன், பற்பசையின் காரம்தான் இருக்கிறது. போட்டிருந்தால் காப்பிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், போடவில்லையென்றால் இப்போது போட்டுவிட்டு இங்கிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், போட்டதை மறந்து மறுபடி போட்டால் இரண்டு ஆகிவிடும், இரண்டு ஆனால் நெஞ்சு படபடக்குமாம். பெனிட்டாவைக் கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் இன்றைக்கு அவளைக் கேட்கக் கூடாது. இன்றைக்கு மட்டுமாவது நான் எதையும் மறக்காதவளாக இருக்க வேண்டும். இன்றைக்கு லூர்து அண்ணி வருகிறார்.

"தண்ணியும் நெருப்புமா?" என்கிறாள் பெனிட்டா. இல்லை. "அரிசியும் உளுந்தும்?" இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அதுவாக இருந்தாலும் இருக்கலாம். "யோசி, யோசி" என்கிறேன். இந்த விடுகதை வழக்கமே காப்பிக்காக வந்ததுதான். தைராய்டு மாத்திரை போட்ட பிறகு காப்பி கூடாது என்றதும் அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் வரை நடப்பதுபோல நீண்டது. அதை ஓட்டுவதற்காக நான் ஒன்று போடுவேன், பெனிட்டா கண்டுபிடித்தால் காப்பியின் முதல் வாய் அவளுக்கு, கண்டுபிடிக்காவிட்டால் எனக்கு. பெரும்பாலும் அவள்தான் குடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தக் காத்திருப்பு கோவிலுக்கும் பொருந்திவிடும், நற்கருணை வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் மருந்தும் மட்டும் பாவமில்லை. இன்றைக்கு நான் பூசைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் முதல் பூசைக்குப் போயிருக்கிறார், அங்கிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் புதுக்கோட்டை பஸ்ஸில் வரும் தன் அக்காவை, லூர்து அண்ணியை, அழைத்துக்கொண்டு வருவார். வந்து உட்கார்ந்ததும் பெனிட்டாவிடமே கேட்பார்கள், இங்கே இருக்கியா, அத்தைகூட வந்து படிக்கிறியா என்று. அப்படித்தான் முடிவாகியிருக்கிறது. அண்ணி இழுத்தார், நான் இழுத்தேன், நடுவில் அவர் கையைத் தூக்கி, "புள்ளையே சொல்லட்டும்" என்றுவிட்டார். அண்ணி கெட்டவர் இல்லை. பிள்ளை இல்லாதவர், ஆசை வைத்தவர், வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், பெனிட்டா பிறந்தபோது என்னைக் குளிப்பாட்டி விட்டவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

இந்தப் பேச்சே ஒரு பஸ்ஸால் வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன், ஒரு கையில் உளுந்துப் பை, இன்னொரு கையில் குடை, தோளில் பர்ஸ், எல்லாம் எடுத்தாயிற்றா என்று வழக்கம்போல ஒருமுறை பார்த்துக்கொண்டேன், எல்லாம் இருந்தது, பஸ் போய்விட்டது. பூக்காரியிடம் முழம் என்ன விலை என்று கேட்டேன். "பாப்பாவுக்கா, ஒங்களுக்கா?" என்றாள். பாப்பாவுக்கா என்ற சொல் எங்கேயோ இடித்தது, எதில் இடிக்கிறது என்று உடனே தெரியவில்லை, அதுதான் கொடுமை, உடனே தெரியவில்லை, பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகுதான் என் உடம்பு முழுக்கத் தெரிந்தது. ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பாமல் இறங்கியிருக்கிறேன். ஆட்டோ பிடித்து ஓடினேன். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் அவளை பெஞ்சில் உட்கார வைத்து பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் அழவில்லை. அழுதிருக்கலாம். பாதி பிஸ்கட்டை எனக்கு நீட்டி, "பசிக்குதாம்மா?" என்றாள். அந்த பிஸ்கட்டின் உப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது, மாத்திரையின் கசப்புதான் இல்லை. போட்டேனா?

குளிருகிறது. சித்திரை மாதத்தில் எனக்கு மட்டும் குளிருகிறது. முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து மாவு வாங்க வருகிறவர்கள் ஊட்டியா என்று கேட்கிறார்கள். வீட்டு வாசலிலேயே இட்லி மாவு விற்கிறேன், கிரைண்டர் பின்னறையில். முகம் உப்பியிருக்கிறது, குரல் தடித்துவிட்டது, சீப்பில் வருவதைச் சுருட்டிப் போட்டால் எலி மாதிரி இருக்கிறது. அதெல்லாம் போகட்டும். ஆனால் சொற்கள். யாராவது பேசினால் சொற்கள் ஈரத்துணி மூட்டைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல வருகின்றன, கேட்கிறது, புரிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? பெரியம்மா ஒருத்தி கடைசியில் பெற்ற மகனையே தபால்காரன் என்று நினைத்தாளே, அப்படியா? இதை யாரிடமும் கேட்டதில்லை. டாக்டரம்மாவிடம்கூடக் கேட்கவில்லை. முந்தாநாள் அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நான் டோஸை ஏத்திக்கிட்டே போறேன், ரத்தத்துல ஒண்ணும் ஏறலையே. மாத்திரைய டப்பாவிலேர்ந்து எடுத்து எங்க போடுறீங்க, வாயிலயா, வாஷ்பேசின்லயா?" அவர் சிரித்தார், என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு அது கேலி என்று புரிய நேரமாயிற்று. வீட்டுக்கு வந்ததும் அவர் அண்ணிக்கு போன் போட்டுச் சொன்னார், அண்ணி, "மாத்திரைய ஒழுங்காப் போடாதவ புள்ளைய எப்படிடா பாத்துப்பா?" என்று கேட்டது போனுக்கு வெளியிலும் கேட்டது. நேற்றுக் காலையில் பெனிட்டா தானாக வந்து என் எதிரில் நின்றாள். "முழுங்கு. ஆ காட்டு. நாக்கத் தூக்கு." ஒரு நர்ஸ் மாதிரி. இன்றைக்கும் அப்படி நின்றாளா? நின்றிருந்தால் நான் போட்டிருக்கிறேன். மேடையில் எப்போது ஏறினாள்?

வாசலில் மணி. குர்ஷித் அக்கா, எதிர்வீடு, மாவு வாங்கத் தூக்குச்சட்டியோடு.

"ஏன் மினா, ஒன் மாவுல நேத்து நான் ஒரு கூத்துப் பண்ணிட்டேன்டி."

"என்னக்கா?"

"ரெண்டு நா வெளியிலயே வச்சிட்டேன், புளிச்சுப்போச்சு. சரி, புளிப்ப எடுக்கலாம்னு ஆப்பசோடாவ அள்ளிக் கொட்டுனேன். புளிப்பும் போச்சு, இட்லியும் போச்சு. மஞ்சளா, சோப்புக் கட்டி மாதிரி. எங்க வூட்டுக்காரரு அதைத் தட்டுல தட்டித் தட்டிக் காட்டுறாரு, டொக்கு டொக்குனு."

"சோடா கொஞ்சூண்டு போடணும்க்கா. அது புளிப்பத் தின்னுரும்."

"இப்ப சொல்லு. ஆமா, நாத்தனா வர்றாங்களாமே? மூஞ்சியக் கழுவி பவுடர் போடுடி, பாக்க சீக்குக்காரி மாதிரி நிக்காத."

"சீக்குக்காரிதானேக்கா" என்கிறேன். இருவரும் சிரிக்கிறோம். அக்கா போன பிறகும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஏதோ சொன்னேன். இப்போதுதான் ஏதோ நல்லதாகச் சொன்னேன். மாவு. சோடா. அது புளிப்பைத் தின்றுவிடும். இந்தப் புளிப்பை வேறு யாரோ சொன்னார்கள், சமீபத்தில், மாவுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, டெட்டால் வாசனை. டாக்டரம்மா. எழுதிக்கொண்டே, எனக்குச் சொல்வதா தனக்கே சொல்வதா என்று தெரியாமல் ஏதோ சொன்னார். அதற்கு முன்னால் கேள்வி கேட்டார். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து? இல்ல டாக்டர். வயித்துக்கு ஏதாவது? வயிறு நல்லா இருக்கு டாக்டர், நல்லாப் பசிக்குது. எல்லாம் உண்மைதான், நான் ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அது வந்தது, தலையைத் தூக்காமல், "இது வயித்துல புளிப்பு இருந்தாத்தான் சரியாக் கரையும். கரைஞ்சாத்தான் குடல் உறிஞ்சிக்கும். இல்லேன்னா போன வழியே..." போன வழியே என்ன? அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள், வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு எழுப்பினார், நான் எழுந்தேன், வாக்கியம் நாற்காலியிலேயே தங்கிவிட்டது. போன வழியே. கொல்லை வழியே. பச்சையாகவே.

கையில் ஏதோ வந்து வந்து நழுவுகிறது. பிடிக்கப் பாய்ந்தால் போய்விடும் என்று பார்க்காததுபோல நிற்கிறேன். பின்னால் போனவன் தைராய்டு மாத்திரை, சின்ன வெள்ளை மாத்திரை, அது சரி, அது கரையாமல் வேகாமல் போய்விட்டது, அப்படியானால் முன்னால் போனவன் யார்? என் வயிற்றில் சோடாவை யார் கொட்டினது? நான் சோடா குடிப்பதில்லை. புளி அளவாகத்தான் போடுகிறேன். திரும்பிச் சமையலறைக்கு வருகிறேன், பெனிட்டா அதே இடத்தில், அதே காலாட்டல். கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறேன், வேறு வழியில்லை, இரண்டு பயத்தில் ஒன்றையாவது இறக்கி வைக்க வேண்டும்.

"பெனி, அம்மா மாத்திரை போட்டேனா?"

அவள் காலாட்டுவதை நிறுத்துகிறாள். "போட்டியேம்மா. நான்தான ஆ காட்டச் சொன்னேன். ரெண்டையும் ஒண்ணாத்தான் முழுங்கின."

"ரெண்டா?"

"வெள்ளையும் மஞ்சளும்."

மஞ்சள். கேஸ் மாத்திரை. மேடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அதன் அட்டை கிடக்கிறது, எப்போதும் கிடக்கிறது, கரண்டி மாதிரி, தீப்பெட்டி மாதிரி. நான் அதைப் பார்க்கிறேன், பல வருஷமாகப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்ததை முதல்முறையாகப் பார்க்கிறேன். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? இல்ல டாக்டர். ஏனென்றால் அது மாத்திரை இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது மாத்திரை இல்லை. அவர் பிரியாணிக்கு முன்னால் ஒன்று போடுவார், கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் கைமாற்றிக்கொள்வார்கள், அண்ணியின் பர்ஸில் ஜெபமாலையோடு அதுவும் இருக்கும், மருந்துக்கடையில் சீட்டு கேட்கமாட்டார்கள், பேரைச் சொன்னால் போதும். எனக்கு அது எப்படி வந்தது? பெனிட்டா பிறந்த பிறகு இடுப்பு வலி, எலும்பு டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார், வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று அதற்குத் துணையாக இதைக் கொடுத்தார், சில நாளைக்குத்தான். வலி போயிற்று, வலி மாத்திரை போயிற்று, துணைக்கு வந்தது மட்டும் போகவில்லை. ஒருநாள் போடாவிட்டால் நெஞ்சு எரிந்தது, அதனால் போட்டேன், போட்டதால் எரியவில்லை, எரியாததால் வயிறு நல்லா இருக்கு டாக்டர். காலையில் வெறும் வயித்துல போடும்மா என்று கடைக்காரர் இதற்குச் சொன்னார். வெறும் வயித்துல போடுங்க என்று டாக்டரம்மா அதற்குச் சொன்னார். இரண்டுக்கும் ஒரே வெறும் வயிறு, ஒரே டம்ளர் தண்ணீர். ஒழுங்காகப் போட்டேன். ஒருநாள் தவறாமல், சொன்னபடி, வெறும் வயிற்றில், இரண்டையும். ஒழுங்காகப் போட்டதுதான் தப்பு. வீடு காலியாக இருக்கும் நேரம் பார்த்து இரண்டு பேர். சிரிப்பு வருகிறது, அதே சிரிப்பு, போர்வைக்குள் வந்த சிரிப்பு. எனக்குப் பைத்தியம் இல்லை. எனக்குப் பைத்தியம் இல்லை. அடுப்பு அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். நேரத்தை மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது போலிருக்கிறது, வருஷக்கணக்காக அணைத்த அடுப்பு, நேற்று அணைத்தது இன்றைக்கும் சில்லென்றுதான் இருக்கும். நானாக நிறுத்தினால் நெஞ்செரிச்சல் திரும்பி ஓடி வரும். நாளைக்குக் கேட்க வேண்டும். இப்போதே கேட்கிறேன். போனை எடுத்து க்ளினிக்குக்குப் போடுகிறேன், மணி அடிக்கிறது, அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. நான் கண்டுபிடித்தது உண்மையா, இல்லை இதுவும் மூட்டைக்கு அந்தப் பக்கத்துச் சத்தமா? இன்னொரு ரத்தப் பரிசோதனை, அதற்கு எத்தனையோ வாரம். அண்ணி இன்னும் சற்று நேரத்தில்.

"பெனி, வெள்ளையும் மஞ்சளும்தான். விடை அதுதான்" என்கிறேன். அவளுக்கு விளக்குகிறேன், மெதுவாக, சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து. வயிற்றின் புளிப்புதான் அடுப்பு. மஞ்சள் அதை அணைக்கிறது. வெள்ளை வேகாமல் போகிறது. அதனால்தான் அம்மாவுக்குக் குளிர்கிறது, அதனால்தான் பஸ். அவள் கீழே குதித்து அட்டையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்.

"அப்ப நீ நெஜமாவே முழுங்கியிருக்க."

"நெஜமாவே."

"நான் நாக்கத் தூக்கச் சொன்னது வேஸ்ட்டா?"

"வேஸ்ட் இல்லடா. நீ பாத்ததாலதான் ரெண்டுன்னு தெரிஞ்சுது."

அவள் யோசிக்கிறாள். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள், இப்போதும் கடிக்கிறாள். "இனிமே நீயே பாத்துப்பியா?" என்கிறாள். "பாத்துப்பேன்" என்கிறேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேன். இவ்வளவு வேகமாக நான் ஒரு பதில் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று எனக்கே பெருமையாக இருக்கிறது, அந்தப் பெருமையில் அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. தோள் சற்று இறங்கியது, நீண்ட நேரம் தூக்கிவைத்திருந்த குடத்தை யாரோ வாங்கிக்கொண்டதுபோல. அது மட்டும் தெரிந்தது. அதற்கு என்ன பொருள் என்று மனது எட்டிப் பிடிப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

பால் பொங்குகிறது. அண்ணி கூடத்தில் விசிறியின் கீழ் உட்கார்ந்து, "யப்பா, என்ன பஸ்ஸு, நெஞ்செல்லாம் கரிக்குது" என்று பர்ஸைத் துழாவி ஒரு மஞ்சள் மாத்திரையைப் பிதுக்கி வாயில் போடுகிறார். நான் காப்பியோடு சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்கிறேன், முன்பின்னாக, நடுவில் குர்ஷித் அக்காவின் இட்லியும் வந்துவிடுகிறது. சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குச் சொல்வதுபோலக் கேட்கிறது.

"நானுந்தான் போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆவலையே" என்கிறார் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்குத் தைராய்டு இல்லையேங்க. பின்னால போறதுக்கு ஆளே இல்லையே."

"யாரு பின்னால?"

"மினா" என்கிறார் அண்ணி, கோபமில்லாமல், அதுதான் தாங்க முடியவில்லை. "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்டியம்மா. நாளைக்கு டாக்டர்ட்ட போ, தம்பி கூட்டிட்டுப் போவான். மருந்து வேலை செஞ்சு நீ தேறி வர மாசக்கணக்காகும்ல? அதுவரைக்கும் புள்ளைய யாரு பாக்குறது?"

அதற்குப் பதில் இருக்கிறது, நிச்சயமாக இருக்கிறது, கண் திறப்பதற்கு முன்னால் இருந்தது. நான் என் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பெனிட்டா பக்கத்தில் வந்து டம்ளரைத் தொட்டு என் பக்கமாகத் தள்ளுகிறாள். "விடைய நீயே சொல்லிட்டம்மா. மொத வாய் ஒனக்குத்தான்." குடிக்கிறேன். சூடு மட்டும் தெரிகிறது.

"பெனிக்குட்டி, இங்க வா" என்று அண்ணி அவளை மடியருகே இழுத்துக்கொண்டார். "அத்தை கேக்குறேன், யாருக்காகவும் பாக்காத, ஒனக்கு எது வேணுமோ சொல்லு. அம்மாட்ட இருக்கியா, அத்தைகூட வரியா?"

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார். நான் பெனிட்டாவின் கீழுதட்டைப் பார்த்தேன். அவள் அதைக் கடிக்கவில்லை.

அத்தையோடு போவதாகச் சொன்னாள். பஸ்ஸில் தூங்கமாட்டேன் என்றும் சொன்னாள்.